ஹக்கோடா வரை போகலாமா? தொலைதூரப் பனிச்சறுக்கு மலையை எடைபோட ஒரு வழி

ஜப்பானில் இரண்டு மூன்று குளிர்காலம் பனிச்சறுக்கு பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் அரிப்பு எடுக்கும். நிசெகோ, ஹகுபா போன்ற பேர்பெற்ற தளங்கள் சந்தைக்கடை போலத் தோன்றும். யாராவது ஒரு நண்பர், வெள்ளைப் பூதங்கள் வரிசையாக நிற்பது போன்ற மரங்களின் படத்தை அனுப்பி, "ஹக்கோடா போயிருக்கியா?" என்று கேட்பார். அன்று இரவே ரயில் கட்டணம் பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

கொஞ்சம் பொறுங்கள். நானும் இப்படித்தான் ஒரு படத்தை நம்பி வடக்கே வேறொரு மலைக்குக் கிளம்பினேன். மூன்று நாள் தங்கியதில் சறுக்கக் கிடைத்தது அரை நாள். மிச்ச நேரமெல்லாம் விடுதி ஜன்னலோரம் உட்கார்ந்து, தானியங்கி இயந்திரத்தில் வாங்கிய சூடான காபி டப்பாவைக் கையில் உருட்டிக்கொண்டு, பனி கொட்டுவதைப் பார்த்தேன். பனிக்கு ஒரு குறையும் இல்லை. காற்றுதான் மேலே போக விடவில்லை. அதற்குப் பிறகு எந்தத் தொலைதூர மலையையும் பனி எவ்வளவு என்று கேட்டு எடைபோடுவதை விட்டுவிட்டேன். மூடிக்கிடக்கும் நாள் எத்தனை, அந்த நாளில் என்ன செய்யலாம் என்று முதலில் கேட்கிறேன். ஹக்கோடாவையே உதாரணமாக வைத்து அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று பார்ப்போம். ஹொக்கைடோ தீவின் அசாஹிடாகே போன்ற மற்ற ஒதுக்குப்புற மலைகளுக்கும் இதே முறை பொருந்தும்.

முதல் படி: அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை

ஹக்கோடா, ஹொன்ஷு தீவின் வடகோடியில் அவோமோரி மாநிலத்தில் இருக்கிறது. அது ஒற்றை மலை இல்லை, எரிமலைச் சிகரங்களின் கூட்டம். உயரமான ஓடாகே 1,585 மீட்டர். சறுக்குபவர்கள் ஏறும் ரோப்வே, அதாவது கம்பியில் தொங்கிப் போகும் பெட்டி, தமோயாச்சி என்ற சிகரத்தின் தலைப்பக்கம் கொண்டுபோய் விடுகிறது. ஒரு பெட்டியில் 101 பேர் நிற்கலாம். பத்து நிமிடத்தில் ஏறக்குறைய 650 மீட்டர் உயரம் ஏறிவிடும்.

அவ்வளவுதான் ஹக்கோடா. பெரிய தளங்களில் பத்து, இருபது லிப்டுகள் இருக்கும். உச்சியில் இருப்பது நின்றுபோனாலும் கீழே உள்ளவை ஓடும். இங்கே உச்சிக்குப் போக ஒரே கம்பிதான். அது நின்றால் மலையே நின்ற மாதிரி. குறிக்கம்பம் நட்டு அடையாளம் காட்டிய பாதை இரண்டு: டைரக்ட், ஃபாரஸ்ட். இரவு விளக்கில் சறுக்குவது, பாதை ஓரத்தில் வரிசையாகக் கடைகள், ஆங்கிலத்தில் பேசும் பள்ளி, இதையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். ஜனவரி, பிப்ரவரியில் மாலை நான்கு மணிக்கு முன்பே ரோப்வே கடையைக் கட்டிவிடும்.

எந்த மலையைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் முதலில் அதன் வரைபடத்தை எடுத்து லிப்டுகளை எண்ணுங்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் தனித்தனியாக எத்தனை இருக்கின்றன, அவற்றில் மரங்களுக்கு நடுவே தாழ்வாகப் போவது எத்தனை என்று பாருங்கள். ஒன்றே ஒன்று என்றால், இனி வரும் படிகளை இரண்டு முறை படியுங்கள்.

இரண்டாம் படி: உங்கள் கால் அதற்குத் தயாரா

இதுவரை ஸ்கீ மாட்டியதே இல்லை என்றால் ஹக்கோடாவுக்குப் போகாதீர்கள். இதில் இரண்டாம் பேச்சே கிடையாது. டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஏறினால் ஒன்றே கால் மணி நேரத்தில் காலா யுசாவா. ரயில் நிலையமும் சறுக்குத் தளமும் ஒரே கட்டடம். முதல் நாள் பத்து முறை விழுந்து எழ அதுதான் சரியான இடம்.

கொஞ்சம் பழகியவர்கள் தங்களைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். உங்களுக்குப் பழக்கமான தளத்தில், இரவு நன்றாகப் பனி விழுந்த மறுநாள் காலை போங்கள். இயந்திரம் ஓட்டிச் சமன் செய்த பாதையை விட்டுவிட்டு, அனுமதி உள்ள இடத்திலேயே, சமன் செய்யாத ஓரத்தில் இறங்குங்கள். முழங்கால் அளவு பனியில் உச்சியிலிருந்து அடிவரை விழாமல், இரண்டு தடவை மட்டும் மூச்சு வாங்க நின்று இறங்க முடிந்தால் சரி. நடுவில் நாலு தடவை விழுந்து, ஒரு ஸ்கீ கழன்று பனிக்குள் போய், அதைத் தேடிக் கால் மணி நேரம் தோண்டினீர்கள் என்றால் இன்னும் ஒரு குளிர்காலம் காத்திருங்கள். ஆழப் பனியில் விழுந்து எழுவது, சேற்றில் புதைந்த மாட்டு வண்டியைத் தூக்குவது போல. இரண்டு முறைக்கு மேல் தொடை ஒத்துழைக்காது.

மூன்றாம் படி: பனியைப் பார்க்காதீர்கள், காற்றைப் பாருங்கள்

ஹக்கோடா மலைச்சரிவில் சுகாயு என்ற வெந்நீர் ஊற்று விடுதி இருக்கிறது. அங்கே ஜப்பான் வானிலை நிறுவனத்தின் பனி அளக்கும் நிலையம் உண்டு. 2013 பிப்ரவரி 26 அன்று அது காட்டிய பனி ஆழம் 566 சென்டிமீட்டர். நமது ஊரின் கிட்டத்தட்ட இரண்டு மாடி உயரம். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு வாயில் எச்சில் ஊறாத சறுக்காளர் இல்லை.

ஆனால் இந்தப் பனி எப்படி வருகிறது என்று யோசித்தால் விஷயம் புரியும். குளிர்காலத்தில் சைபீரியாவின் மேல் காற்றழுத்தம் கூடுகிறது. அங்கிருந்து கிளம்பும் வறண்ட குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கிறது. அந்தக் கடலில் தெற்கிலிருந்து வரும் சுஷிமா நீரோட்டம் இருப்பதால் தண்ணீர் காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும். காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வந்து மலையில் மோதி, மேலே ஏறி, சுமையை இறக்கிவைக்கிறது. ஆக, பனியைச் சுமந்துவரும் லாரியே காற்றுதான். பெரும் பனி வேண்டும், காற்று வேண்டாம் என்று இங்கே பேரம் பேச முடியாது. பனி கொட்டும் அதே நாளில்தான் ரோப்வேயும் நிற்கும்.

நண்பர் அனுப்பிய அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். ஜப்பானியர் ஜுஹ்யோ என்று சொல்லும் அந்தப் பனிப் பூதங்கள், அவோமோரி டோடோமட்சு என்ற ஊசியிலை மரங்கள். மேகத்தில் உள்ள கடுங்குளிர் நீர்த்துளிகள் காற்றோடு வந்து கிளையில் பட்டதும் உறைகின்றன. அதன்மேல் பனி ஒட்டுகிறது. காற்று வரும் திசையை நோக்கியே அந்தச் சதை வளர்கிறது. பூதம் எவ்வளவு கொழுத்திருக்கிறதோ, அவ்வளவு காற்று அந்த இடத்தில் வீசியிருக்கிறது. சுற்றுலா விளம்பரத்தில் அழகுக்காகப் போடும் படம், உண்மையில் ஒரு வானிலை எச்சரிக்கை.

வானிலை வரைபடம் பார்க்கக் கற்றுக்கொள்வது கடினம் இல்லை. ஜப்பான் வானிலை நிறுவனத்தின் தளத்தில் தினமும் வரும். மேற்கே உயர் அழுத்தம், கிழக்கே தாழ்வழுத்தம் என்ற அமைப்பை அவர்கள் 'செய்கோ தோதெய்' என்பார்கள். குளிர்காலச் செய்தியில் அடிக்கடி காதில் விழும். அப்போது ஜப்பானின் மேல் சம அழுத்தக் கோடுகள் சேலைக் கரை போல நெட்டுக்கு நெட்டு நிற்கும். கோடுகள் நெருக்கமாக இருந்தால் பலத்த காற்று, கீழே கனத்த பனி, மேலே ரோப்வே நிற்க வாய்ப்பு அதிகம். கோடுகளுக்கு இடையே இடைவெளி விரியத் தொடங்கும் நாள்தான் நமக்கு வேண்டிய நாள்: இரவெல்லாம் விழுந்த பனி அப்படியே கிடக்கும், காற்று ஓய்ந்திருக்கும். இந்தக் குளிரலை வருவதும் ஓய்வதும் மாறி மாறி நடப்பதால், இரண்டு நாள் மட்டும் தங்கப் போவது சூதாட்டம். நாலு நாள் தங்கினால் ஒரு ஓய்வாவது உங்கள் பக்கம் வர நல்ல வாய்ப்பு உண்டு.

இன்னொன்று. அடிவாரத்தில் இலை அசையாமல் இருக்கும்போதே உச்சியில் ஆளைத் தள்ளும் காற்று வீசலாம். விடுதி வாசலில் நின்று வானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காலையில் ரோப்வே தளத்தில் போடும் அறிவிப்பைப் பாருங்கள்.

நான்காம் படி: மாதம்

ஜனவரியும் பிப்ரவரியும் மாவு போன்ற பனிக்கு. கூடவே மூடும் நாட்களும் மூட்டமும் அதிகம். பனிப் பூதங்கள் முழு உருவம் எடுப்பதும் பிப்ரவரி வாக்கில்தான்.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது மார்ச். சைபீரியக் காற்று தளர்ந்திருக்கும், பகல் நீண்டிருக்கும், சிகரத்திலிருந்து முட்சு விரிகுடா தெரிகிற நாட்கள் கிடைக்கும். பனி கொஞ்சம் கனமாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கனமான பனியில் ஐந்து முறை இறங்குவது, மாவுப் பனியைக் கண்ணாடி வழியே பார்ப்பதைவிட மேல். ஏப்ரலிலும் பனி தாராளமாக இருக்கும். அது மலைத்தொடரைச் சுற்றி நடந்தும் சறுக்கியும் போகிறவர்களுக்கான காலம். முதல் பயணத்தை அதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஐந்தாம் படி: வழியும் செலவும்

டோக்கியோவிலிருந்து ஹயபுசா ஷின்கான்சென் சுமார் மூன்றே கால் மணி நேரத்தில் ஷின்-அவோமோரி சேர்க்கும். எல்லா இருக்கையும் முன்பதிவுதான். ஒரு வழிக் கட்டணம் 17,000 யென்னுக்கு மேல். அங்கிருந்து அவோமோரி நிலையம் ஒரே ஒரு நிறுத்தம். நிலைய வாசலிலிருந்து ஜே.ஆர். பேருந்து மலைக்குப் போகிறது, சுமார் ஒரு மணி நேரம். நாளுக்குச் சில வண்டிகள்தான். எனவே ரயிலைப் பார்த்துப் பேருந்தைத் தேடாமல், பேருந்தைப் பார்த்து ரயிலைப் பதிவு செய்யுங்கள். குளிர்காலத்தில் இந்தப் பேருந்து சுகாயுவோடு திரும்பிவிடும். அதற்கு அப்பால் சாலையைப் பனி மூடிவிடுகிறது, வசந்தத்தில் வெட்டித் திறப்பார்கள்.

விமானமும் உண்டு. டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்திலிருந்து ஒன்றே கால் மணி நேரம். அவோமோரி விமான நிலையத்தில் ஓடுபாதைப் பனியைத் தள்ளும் குழுவுக்கு 'ஒயிட் இம்பல்ஸ்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். வண்டிகள் அணிவகுத்து ஓடுவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனாலும் எனக்கு ரயில்தான். பனியில் விமானம் திரும்பிப்போனால் ஒரு நாள் போச்சு.

வாடகைக் கார் எடுத்தால் சுலபமாயிற்றே என்பார்கள். உறைந்த மலைச்சாலையில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் அதைத் தொடாதீர்கள். ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு ரயில் மாறவும் வேண்டாம். கூரியரில் இரண்டு மூன்று நாள் முன்பே விடுதிக்கு அனுப்பிவிடலாம். ஜப்பானில் ஸ்கீக்கென்றே அந்தச் சேவை இருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். மொத்தச் செலவை நாட்களால் வகுக்காதீர்கள், இறக்கங்களால் வகுங்கள். பேச்சுக்கு, ரயில், நாலு இரவு விடுதி, சாப்பாடு, ரோப்வே எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் யென் ஆகிறது என்று வையுங்கள். நாலு நாளில் இரண்டு நாள்தான் ரோப்வே ஓடுகிறது. ஏறப் பத்து நிமிடம், வரிசையில் நிற்க, இறங்க, மூச்சு வாங்க என்று பார்த்தால் நடுத்தரமாகச் சறுக்குபவருக்கு ஒரு நாளில் ஆறு இறக்கம். இரண்டு நாளில் பன்னிரண்டு. ஒரு இறக்கத்தின் விலை எட்டாயிரம் யென்னைத் தாண்டுகிறது. இதே பணத்துக்கு காலா யுசாவாவுக்குப் பல தடவை போய்வரலாம்.

எட்டாயிரம் யென் கொடுத்து அந்த ஒரு இறக்கத்தை வாங்குவீர்களா? எனக்கு ஆம். ஆளுக்கு ஆள் பதில் மாறும். "ஒரே ஒரு நாள்தான் ஓடியது" என்ற எண்ணையும் போட்டுப் பாருங்கள். அப்போதும் மனம் ஒப்பினால் முன்பதிவு செய்யுங்கள்.

ஆறாம் படி: மூடிய நாளுக்கு ஒரு திட்டம்

இதை எழுதி வைக்காமல் போகிறவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள். ஹக்கோடாவின் பெரிய பலமே கீழே ஒரு நகரம் இருப்பதுதான். ரோப்வே ஓடாத நாளில் செய்ய அவோமோரியில் நிறைய உண்டு.

சறுக்கியே ஆகவேண்டும் என்றால் நகரத்துக்கும் மலைக்கும் நடுவே மோயா ஹில்ஸ் இருக்கிறது. சிறிய தளம்தான், ஆனால் தாழ்வானது. சன்னாய்-மருயாமாவில் ஜோமோன் காலம் எனும் ஜப்பானின் தொல்பழங்காலத்தைச் சேர்ந்த, பல ஆயிரம் ஆண்டு பழைய குடியிருப்பைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பக்கத்திலேயே மாநிலக் கலைக் காட்சியகம். ரயில் நிலையத்தை ஒட்டிய வா ரஸ்ஸே காட்சியகத்தில் கோடைகால நெபுடா திருவிழாவில் இழுத்துவரும் பிரம்மாண்ட காகிதப் பொம்மைகளை விளக்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஃபுருகாவா மீன் சந்தையில் ஒரு கிண்ணம் சோறு வாங்கிக்கொண்டு, கடை கடையாகப் போய் வேண்டிய மீனைச் சோற்றின்மேல் வைத்துக்கொள்ளலாம்.

இதைச் செய்ய வேண்டும் என்றால் மலையில் தங்குவதா நகரத்தில் தங்குவதா என்ற கேள்வி வரும். நான் இரண்டையும் கலப்பேன்: இரண்டு இரவு மலையில், இரண்டு இரவு நகரத்தில். மலையில் தங்கினால் ரோப்வே திறந்த நாளில் முதல் பெட்டியைப் பிடிக்கலாம். மூடிய நாளில் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

மாட்டிக்கொள்வதிலும் ஒரு சுகம் உண்டு, சுகாயுவாக இருந்தால். 1954இல் ஜப்பான் அரசு முதன்முதலாக அறிவித்த தேசிய உடல்நல வெந்நீர் ஊற்றுகளில் அது ஒன்று. ஹிபா மரத்தால் ஆன பெரிய குளியல் கூடத்துக்கு 'ஆயிரம் பேர் குளியல்' என்று பெயர். ஆணும் பெண்ணும் ஒரே கூடத்தில் குளிப்பது அங்கே வழக்கம். பெண்களுக்கு மட்டும் ஒதுக்கிய நேரம் உண்டு, தனித்தனிச் சிறு குளியலறையும் உண்டு. கூச்சமாக இருந்தால் அதற்குப் போகலாம். தண்ணீர் கந்தகமும் புளிப்பும் கலந்தது. கண்ணில் பட்டால் எரியும். வெள்ளிக் கொலுசு, அரைஞாண், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள், கறுத்துப்போகும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் விடுதிக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் போதாது. மிசோ சூப்பிலும் காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு இருக்கும், அதை அவர்கள் மீனாகவே நினைக்க மாட்டார்கள். அந்தச் சாறுக்கு 'தாஷி' என்று பெயர், அதுவும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லவேண்டும். சூடு செய்து சாப்பிடும் சோற்றுப் பொட்டலமும் ஒரு பாட்டில் தொக்கும் பையில் இருந்தால் நிம்மதி.

ஏழாம் படி: யாரோடு போவது

1902 ஜனவரியில் அவோமோரியிலிருந்து இந்த மலைக்குப் பயிற்சி நடையாகக் கிளம்பிய 210 ராணுவ வீரர்களில் 199 பேர் பனிப்புயலில் இறந்தார்கள். போய்ச்சேர வேண்டிய தாஷிரோ வெந்நீர் ஊற்று அருகில்தான் இருந்தது, வழிதான் தெரியவில்லை. பனியில் புதைந்து நின்ற நிலையில் கண்டெடுத்த கோட்டோ என்ற வீரரின் சிலை இன்றும் மலையில் நிற்கிறது. அன்றைய உடையும் உபகரணமும் வேறு என்று சொல்லலாம். வெண்மூட்டம் அதே மூட்டம்தான். தரையும் வானமும் ஒரே வெள்ளையாகிவிட்டால், நாம் நிற்கிறோமா சறுக்குகிறோமா என்பதே தெரியாது.

ஆகவே குறிக்கம்பப் பாதையை விட்டு வெளியே போக ஆசை இருந்தால் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். அவர் இருந்தால் ஆபத்தே இல்லை என்றும் எண்ண வேண்டாம். 2007 பிப்ரவரியில் இங்கே வழிகாட்டியோடு போன குழுவைப் பனிச்சரிவு அடித்து இருவர் உயிரிழந்தார்கள். பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் பீக்கன் கருவி, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, தோண்டும் மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்கவேண்டும், பயன்படுத்தவும் தெரிந்திருக்கவேண்டும். மரத்தடியில் ஜாக்கிரதை: கிளைகளுக்குக் கீழே பனி இறுகாமல் குழியாக இருக்கும், தலைகீழாக விழுந்தால் தனியாக வெளியே வர முடியாது. பயணக் காப்பீட்டை எடுத்து, பாதைக்கு வெளியே சறுக்குவதும் மீட்புச் செலவும் அதில் அடங்குமா என்று ஒரு தடவை படித்துவிடுங்கள். பல காப்பீடுகளில் இரண்டும் கிடையாது.

முதல் பயணத்தில் இரண்டு குறிக்கம்பப் பாதைகளே போதும். அதிலும் மூட்டம் இறங்கினால் அடுத்த கம்பம் கண்ணில் படும்வரை நகராதீர்கள்.

போன பிறகு

காலை ஏழரைக்கு எழுந்து ரோப்வே அறிவிப்பைப் பாருங்கள். ஓடுகிறது என்றால் சாப்பாட்டைச் சுருக்கிக்கொண்டு வரிசைக்குப் போங்கள். மதியம் காற்று கூடி நிறுத்திவிடலாம். 'நிலைமை பார்க்கிறோம்' என்றால் காத்திருங்கள், பத்து மணிக்கு மேல் திறந்த நாட்களும் உண்டு. காற்று தணிவதற்கான அறிகுறியே வரைபடத்தில் இல்லை என்றால் நகரத்துக்குப் போகும் அடுத்த பேருந்தில் ஏறிவிடுங்கள். கையுறை இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். என் ஒரே ஜோடி முதல் நாளே நனைந்து, இரவெல்லாம் ஹீட்டர் மேல் கிடந்தும் காயவில்லை. மறுநாள் ஈரக் கையுறையோடு மூன்று இறக்கம்தான் தாங்கியது. அப்புறம், கடைசிப் பேருந்தின் நேரத்தைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். மலையில் அலைபேசி சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது.